தங்கம் இல்லையா? மண்ணை எடு!

சொல்லித்தர ஆள் இல்லையா உனக்கு?

அதனால்தான் இத்தனை வருஷமாக அதே டேபிளில் நிற்கிறாயா? "ஒரு ஆள் கைதூக்கி விட்டிருந்தால் நானும் மேலே வந்திருப்பேன்" என்று இன்னும் எத்தனை தீபாவளிக்குச் சொல்லிக்கொண்டிருப்பாய்?

பெருமாநல்லூர் நால்ரோட்டில் விடிகாலையில் தையல் கம்பெனி வண்டிக்காக நிற்கிறாயே, அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஓர் ஆசை இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் ஆக வேண்டும். டிசைன் போட வேண்டும். சொந்தமாக நாலு மெஷின் போட வேண்டும். ஒரு படம் வரைய வேண்டும்.

உன் ஆசை எது? அதை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொன்னாயா?

சொல்லவில்லை! ஏன்? பயம். சிரிப்பார்களே என்ற பயம். தோற்றுவிடுவோமே என்ற பயம்.

அந்தப் பயத்தின் கழுத்தைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறேன். உட்கார். கேள்.

1862-ஆம் ஆண்டு. கிளிமானூரிலிருந்து 14 வயதுப் பையன் ஒருவன் திருவனந்தபுரத்துக்கு வருகிறான். ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு. அவன் கைக்குக் கரித்துண்டு கிடைத்தால் போதும், சுவரெல்லாம் யானையும் குதிரையும்தான்.

அவன் பெயர் ரவிவர்மா.

அந்தக் காலத்தில் எண்ணெய் வண்ண ஓவியம் நம் நாட்டுக்குப் புதுச் சரக்கு. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த வித்தை. வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, கான்வாஸில் மனித முகத்தை உயிரோடு நிறுத்தும் வித்தை.

அரண்மனையில் அந்த வித்தை தெரிந்தவர் ஓவியர் ராமசாமி நாயக்கர். பையன் போய் நின்றான். கற்றுக்கொடுங்கள் என்றான்.

அவர் சொல்லித்தரவில்லை!

எதிரில் நிற்பவன் நாளைக்குப் போட்டியாளன் ஆவான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கதவு சாத்தப்பட்டது.

பையன் என்ன செய்தான்? ஊருக்குத் திரும்பிவிட்டானா? "எனக்கு விதிக்கவில்லை" என்று திண்ணையில் உட்கார்ந்தானா?

நாயக்கரிடம் ஆறுமுகம் பிள்ளை என்று ஒரு சீடர் இருந்தார். அவர் இரவில் வந்தார். ரகசியமாக வந்தார். குருவுக்குத் தெரியாமல், தனக்குத் தெரிந்ததை அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்கிறது ரவிவர்மாவின் வரலாறு.

பகலில் சாத்திய கதவு ராத்திரியில் திறந்தது! எப்படித் திறந்தது? அந்தப் பையன் தூங்காமல் காத்திருந்ததால் திறந்தது.

நீ ராத்திரியில் என்ன செய்கிறாய்?

1868. தியடோர் ஜென்சன் என்ற ஓவியர் அரண்மனைக்கு வருகிறார். மகாராஜாவின் உருவப்படம் வரைய வந்தவர். ரவிவர்மாவுக்கு அப்போது 20 வயது. மீண்டும் போய் நின்றான். மீண்டும் அதே கதை. அவரும் கற்றுக்கொடுக்க மனம் வைக்கவில்லை. மகாராஜா சொன்னதற்காக ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்: நான் வரையும்போது பார்த்துக்கொள்.

பார்க்கலாம். அவ்வளவுதான்.

அது போதும் என்றான் அவன்!

எந்த நிறம் முதலில் இறங்குகிறது? முகத்தில் நிழல் விழும் பக்கமா, வெளிச்சம் விழும் பக்கமா? எண்ணெய் எவ்வளவு? டர்பன்டைன் எவ்வளவு? பிரஷ்ஷை எங்கே அழுத்துகிறார், எங்கே வெறுமனே தொட்டு எடுக்கிறார்? கண்ணாலேயே திருடினான். ராத்திரி அறைக்குப் போய்க் கையாலே செய்து பார்த்தான்.

பார்ப்பது ஒரு வேலை, தம்பி! உழைப்புகளிலேயே சம்பளமில்லாத, சத்தமில்லாத, ஆனால் பலன் பெருத்த உழைப்பு அது!

உன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஒரு சாண் துணி வீணாகாமல் பேட்டர்னை எப்படி அடுக்குகிறார் என்று ஒருநாள் நின்று பார்த்தாயா? செக்கிங் அக்கா ஒரே புரட்டலில் ஊசி ஓட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று கவனித்தாயா? டீ பிரேக்கில் செல்போனைத்தானே பார்த்தாய்?

சரி, அந்தச் செல்போனையாவது ஒழுங்காகப் பார்! ரவிவர்மா ராத்திரியில் ஒளிந்து கற்ற வித்தை இன்று உன் உள்ளங்கையில் இலவசமாகக் கிடக்கிறது. எந்த நாயக்கரும் உனக்குக் கதவைச் சாத்த முடியாது. சாத்தி வைத்திருப்பவன் நீ!

"எல்லாம் சரி. நான் ஆரம்பித்துப் பார்த்தேன். நன்றாக வரவில்லை. விட்டுவிட்டேன்."

இதுதானே உன் அடுத்த சாக்கு?

எண்ணெய் ஓவியம் எப்படிப் பிறக்கிறது தெரியுமா உனக்கு?

கான்வாஸ் என்பது என்ன? துணி! நீ தினமும் தொடும் சரக்கு. அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் பசை. அதன்மேல் வெள்ளைப் பூச்சு. அதன்பிறகு டர்பன்டைனில் கரைத்த பழுப்பு நிறம், தண்ணியாக. எங்கே நிழல், எங்கே வெளிச்சம் என்று மட்டும் காட்டும் அடிப்பூச்சு.

அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாயா? அலங்கோலமாக இருக்கும்! கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறை. வாய் இருக்காது. அதைப் பார்த்தால் வரைந்தவனுக்கே பிடிக்காது.

அங்கே பிரஷ்ஷைக் கீழே போட்டவன் எத்தனை பேர்! அங்கே பிரஷ்ஷை இறுக்கிப் பிடித்தவன்தான் ஓவியன்.

நீ எங்கே விட்டாய்? அடிப்பூச்சில் விட்டாய்! ஒரு படத்தை அதன் அடிப்பூச்சைப் பார்த்து எடைபோட்டாய். உன் வாழ்க்கையையும் அப்படித்தானே எடைபோடுகிறாய்?

பெருமாநல்லூர் பக்கத்துப் பிரின்டிங் பட்டறைக்குள் போய்ப் பார். நீளமான டேபிள். ஒட்டிவைத்த துணி. ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன். முதல் கலர் இறங்கியதும் என்ன தெரிகிறது? ஏதோ திட்டுத் திட்டாக அழுக்கு மாதிரி. இரண்டாவது இறங்கினாலும் உருவம் பிடிபடாது. கடைசி ஸ்க்ரீனை வைத்து, ஸ்குவீஜி ஒருமுறை ஓடி, ஸ்க்ரீனைத் தூக்கும்போதுதான் பூவும் எழுத்தும் பளிச்சென்று எழும்!

முதல் ஸ்க்ரீனைப் பார்த்து யாராவது துணியைக் குப்பையில் போடுவார்களா? உன்னை மட்டும் ஏன் போடுகிறாய்?

எண்ணெய் வண்ணத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது தண்ணீர் வண்ணம் போல ஆவியாகிக் காயாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்து, மெதுவாக இறுகும். நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். காத்திரு என்று அது சொல்லும். காத்திருக்கத்தான் வேண்டும்.

அடியில் எண்ணெய் குறைந்த பூச்சு. மேலே போகப் போக எண்ணெய் கூடிய பூச்சு. அதுதான் சட்டம். அவசரக்காரன் இதை மாற்றிப் போடுகிறான். அடியில் கொழுப்பு, மேலே மெலிவு. என்ன ஆகும்? மேல்பூச்சு முதலில் இறுகும், அடிப்பூச்சு பிறகு அசையும். படம் விரிசல் விடும்! பார்த்தவர்கள் கைதட்டிய முகத்தில் பிளவு ஓடும்!

உன் அவசரமும் அப்படித்தான். மூன்று மாதத்தில் முதலாளி ஆக வேண்டுமா? ஆறு மாதத்தில் கார் வாங்க வேண்டுமா? அடிப்பூச்சு காயட்டும் தம்பி! மெல்லிசாகப் போடு. காயவிடு. அடுத்ததைப் போடு.

தப்பு வந்தால்? ஈரமாக இருந்தால் துணியால் துடை! காய்ந்திருந்தால் கத்தியால் சுரண்டு! மேலே மறுபடி வரை! பெரிய பெரிய ஓவியர்களின் படங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அடியில் இடம் மாறிய கைகள், திருத்தப்பட்ட முகங்கள்! உலகம் மேல்பூச்சைப் பார்த்துக் கும்பிடுகிறது. அடியில் கிடக்கும் தப்புகளை ஓவியன் மட்டும் அறிவான்.

தப்பில்லாமல் வரைந்தவன் யார்? ஒருத்தனைக் காட்டு!

டாலரில் பில் போடும் ஊர் இது. அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டில் ஒரு முகம் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன். அந்த முகம் எதிலிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் தொடங்கிய ஓர் எண்ணெய் ஓவியத்திலிருந்து.

அந்தப் படம் முடிக்கப்படவே இல்லை! முகம் மட்டும் இருக்கிறது. மீதிக் கான்வாஸ் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது.

அந்த ஸ்டூவர்ட் யார்? பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போய், கையில் காசில்லாமல் தவித்தவர். முகம் வரைவான், அதற்குக் கீழே உடம்பை வரைய வராது என்று அவரைப் பற்றிப் பேசினார்கள்.

பேசட்டும்! 1782-இல் லண்டன் ராயல் அகாதமி கண்காட்சியில் ஒரு படத்தை வைத்தார். பனிக்கட்டியின் மேல் சறுக்கிச் செல்லும் ஒரு மனிதன். தலை முதல் கால் வரை, முழு உருவம்! ஊர் வாயடைத்தது. ஒரே படத்தில் பெயர் நின்றது.

உன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? "இவனுக்குக் கைமடிக்க மட்டும்தான் தெரியும்" என்கிறார்களா? "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிறார்களா? வாயால் பதில் சொல்லாதே! முழு உருவத்தைக் காட்டு!

"ரவிவர்மா அரச குடும்பத்துக்கு உறவு. அரண்மனை இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது?"

வா! இதற்குத்தான் காத்திருந்தேன். இதுதானே உன் கடைசிக் கோட்டை?

ஆமாம். அவருக்கு அரண்மனை இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் அரண்மனைக்குள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எத்தனை ரவிவர்மா வந்தார்கள்?

அரண்மனை இல்லாதவன் கதை வேண்டுமா? அடிமையாகப் பிறந்தவன் கதையைச் சொல்கிறேன்.

ஜோஷுவா ஜான்சன். அமெரிக்காவின் மேரிலாந்து. அம்மா அடிமைப்பட்ட கறுப்பினப் பெண். அப்பா வெள்ளைக்காரர். சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை ஒரு சொத்து! மாடு மாதிரி, நிலம் மாதிரி! 1782-இல் எழுதப்பட்ட விடுதலைப் பத்திரத்தில் அவருக்கு விதிக்கப்பட்ட வேலை கொல்லன் பட்டறைத் தொழில்.

சுத்தியல் பிடித்த கை அது. அந்தக் கை பிரஷ்ஷைப் பிடித்தது!

1798-இல் பால்டிமோர் நகரப் பத்திரிகையில் அவர் ஒரு விளம்பரம் கொடுத்தார். அதில் தன்னைத் தானே கற்ற மேதை என்று அறிவித்துக்கொண்டார். இயற்கையிடமும் உழைப்பிடமும் கற்றேன் என்றார். தாண்டவே முடியாத தடைகளைத் தாண்டி வந்தேன் என்றார்.

யோசித்துப் பார்! அடிமைகளை ஏலம் போட்ட காலம். அதே தேசத்தில், ஒரு கறுப்பின மனிதர் தன் பெயரைப் போட்டு, "நான் மேதை" என்று அச்சடித்துச் சொல்கிறார்!

உனக்கு "எனக்கு இது தெரியும்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லவே நாக்கு ஒட்டுகிறது!

வணிகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். கப்பல் தலைவர்கள் வந்தார்கள். தங்கள் பிள்ளைகளை அவர் முன் உட்கார வைத்தார்கள். சுமார் 1807-இல் அவர் வரைந்த வெஸ்ட்வுட் குடும்பத்துச் சிறுவர்கள் மூவரின் படம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. ஒரே மாதிரிக் கரும்பச்சை உடுப்பில் மூன்று பிள்ளைகள். பக்கத்தில் வாயில் பறவையைக் கவ்விய கறுப்பு நாய். வண்ணத்தை மெல்லிசாகத்தான் பூசியிருப்பார். அவருடைய வேறு பல படங்களில் நாற்காலிகளைப் பார்த்தால், விளிம்பில் பித்தளை ஆணிகள் வரிசையாக, ஒன்றுகூடப் பிசகாமல் பளபளக்கும். இன்று 80-க்கும் மேற்பட்ட படங்கள் அவர் பெயரில் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன.

யார் அவரைக் கைதூக்கி விட்டது? எந்த அரண்மனை?

இப்போது சொல். உனக்கு என்ன இல்லை?

"காசு இல்லை" என்கிறாயா?

அப்படியானால் தங்கத்தைப் பற்றிப் பேசலாம்!

தஞ்சாவூர் ஓவியம் பார்த்திருப்பாய். கிருஷ்ணன் கழுத்தில் மின்னும் தங்கம், நிஜத் தங்கத் தகடு. அழகுதான். ஆனால் தங்கம் வேண்டும். தங்கம் வாங்கக் காசு வேண்டும்.

இனி ரவிவர்மா படத்தில் ஒரு பெண்ணின் வளையலைப் பக்கத்தில் போய்ப் பார். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அவர் ஓவியங்கள் இருக்கின்றன. ஒருமுறை ரயிலேறிப் போ. மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார். அந்த வளையலில் தங்கம் எங்கே?

தங்கமே இல்லை! ஒரு குன்றிமணி அளவுகூட இல்லை!

எண்ணெய் ஓவியன் தங்கத்தை எதனால் செய்கிறான் தெரியுமா? மண்ணால்! மஞ்சள் காவி என்பது பூமியிலிருந்து தோண்டியெடுக்கும் மண். பழுப்பு நிறமும் மண். முதலில் கரும்பழுப்பு. அது நிழல். அதன்மேல் மஞ்சள் மண். அது வளையலின் உடம்பு. வெளிச்சம் விழும் ஒரே ஒரு இடத்தில், மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு பொட்டு. தொட்டு எடு. அவ்வளவுதான்.

நாலடி தள்ளி வந்து பார். சொக்கத் தங்கம்!

தங்கம் உள்ளவன் தங்கத்தை ஒட்டினான். கண் உள்ளவன் மண்ணைத் தங்கமாக்கினான்!

உன்னிடம் தங்கம் இல்லையா? சரி! மண் இருக்கிறதா? இரண்டு கை இருக்கிறதா? ஷிஃப்ட் முடிந்து மிஞ்சும் ஒரு மணி நேரம் இருக்கிறதா? கம்பெனியில் தூக்கிப்போடும் கட்டிங் வேஸ்ட் இருக்கிறதா? அதில் தைத்துப் பழகு! அதில் வரைந்து பழகு!

இல்லாததை எண்ணி எண்ணி விரல் தேய்ந்தது போதும். இருப்பதை எண்ணு!

"செய்தாலும் வெளியே காட்டப் பயமாக இருக்கிறது."

1873. ரவிவர்மாவுக்கு 25 வயது. கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணை வரைந்து, சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பினார். ஓவியப் பள்ளிக்கே போகாதவர். வெள்ளைக்கார ஓவியர்கள் படம் வைக்கும் இடம் அது. நிராகரித்திருந்தால்? சிரித்திருந்தால்?

அனுப்பினார்! கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் போயின. அங்கும் பதக்கம்!

அவர் கடைசிவரை கடல் தாண்டவில்லை. அவர் செய்த வேலை தாண்டியது!

உன் கை தைத்த சட்டையும்தான் கடல் தாண்டுகிறது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு குழந்தை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. உன் கைக்கு அந்தத் தகுதி இருக்கிறது. அதை உன் மனசு எப்போது நம்பப் போகிறது?

கடைசியாகத் தோல்வி. அதையும் பேசிவிடுவோம். அதற்கு ஏன் பயப்பட வேண்டும்?

1894-இல் ரவிவர்மா பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். மகாராஜாக்களின் சுவரில் தொங்கும் படம் ஏழை வீட்டிலும் தொங்க வேண்டும் என்று தொடங்கினார். ஒரு கலருக்கு ஒரு கல். உன் ஊர்ப் பிரின்டிங் டேபிளில் ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன் இறங்குவது போல, கல் மேல் கல்லாக வண்ணம் ஏற்றி லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சடித்தார்கள்.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் வந்தது. அச்சகத்தை லோனாவாலா பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று. கடன் ஏறியது. நஷ்டம் தாங்கவில்லை. கடைசியில் அச்சகத்தை ஜெர்மானியத் தொழில்நுட்ப வல்லுநர் ஷ்லைஷரிடம் விற்றுவிட்டார்.

வியாபாரத்தில் தோற்றார். ஆமாம், தோற்றார்!

ஆனால் அந்தப் படங்கள் தோற்றனவா? இந்தியா முழுக்கப் பூஜை அறைகளில் ஏறி உட்கார்ந்தன. கோயிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்டவர்கள் வீட்டிலும் சாமி வந்து நின்றது. இன்று நீ காலண்டரில் பார்க்கும் தாமரைமேல் நிற்கும் லட்சுமிக்கு அந்த அச்சகத்துப் படங்கள்தான் முன்னோடி!

கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் எழுதியிருந்தது. வேலை செத்துப்போகவில்லை!

ஆர்டர் கேன்சல் ஆகிவிட்டதா? ஜாப் வொர்க் எடுத்து நஷ்டமா? நாலு மெஷின் போட்டு இரண்டை விற்றுவிட்டாயா? போகட்டும். மெஷின்தான் போயிற்று. கற்ற கை போய்விட்டதா? உன் கையிலிருந்து அதை எந்தக் கடன்காரன் ஜப்தி செய்வான்?

ஒன்று மட்டும் புரிந்துகொள். யாருமே வெறும் கையோடு பிறந்து, முழுப் படமாக எழுந்து நிற்கவில்லை. பூச்சு மேல் பூச்சு. ராத்திரி மேல் ராத்திரி. துடைத்து, சுரண்டி, மறுபடி போட்டு வந்தவர்கள் அவர்கள். கதவு சாத்தப்பட்டவன் ஜெயித்தான். காசில்லாதவன் ஜெயித்தான். அடிமையாகப் பிறந்தவன் ஜெயித்தான். உனக்கு மட்டும் என்ன கேடு?

பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் குண்டம் இறங்கும் ஊர் இது! கணகணவென்று எரியும் தணலில் வெறுங்காலோடு நடக்கும் மண்ணில் நிற்கிறாய். தணலுக்கு அஞ்சாத கால், ஒரு வெள்ளைத் தாளுக்கு அஞ்சலாமா?

நாளைக்கு என்று சொல்லாதே! அடுத்த சம்பளத்துக்கு என்று சொல்லாதே! நல்ல நாள் பார்க்காதே!

இன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும் கையைக் கழுவு. சாப்பிடு. பிறகு உட்கார். பென்சிலா, கத்தரியா, ஊசியா, கணக்கு நோட்டா, உன் வேலைக்கு எது கருவியோ அதைக் கையில் எடு.

முதல் பூச்சு அலங்கோலமாகத்தான் வரும். வரட்டும்! போடு! காயவிடு! நாளை ராத்திரி அதன்மேல் அடுத்ததைப் போடு!